மூடிய குப்பைக் கிடங்கும் சுற்றுக் கிணறுகளும்: யாழ்ப்பாணத்தில் நிலத்தடி நீரைக் கண்காணிக்கும் முறை

கொட்டுவதை நிறுத்தி, மேலே மண் பரப்பி, வேலியும் அடைத்தாயிற்று என்றால் பிரதேச சபையின் ஏட்டில் அந்தக் கிடங்கு மூடியாயிற்று. நிலத்துக்குக் கீழே அந்தக் கணக்குச் செல்லாது. குப்பையில் ஊறி வடியும் கசிவுநீர், கொட்டல் நின்ற பிறகும் பல பத்தாண்டுகள் வரும். அமெரிக்க விதிகள் மூடிய கிடங்கை 30 ஆண்டுகள் கண்காணிக்கச் சொல்வது அதனால்தான்.

குடாநாட்டில் இதற்கு மேலும் ஒரு சங்கடம் உண்டு. சுண்ணக்கல் அகழ்ந்த பழைய குழிகளுக்குள் குப்பை கொட்டியிருந்தால், குப்பையின் அடி மாரியில் நீர்மட்டத்துக்குள் போய்விடும். மேலே எவ்வளவு களிமண் போட்டு இறுக்கினாலும் கீழிருந்து ஏறும் தண்ணீர் குப்பையை நனைக்கும், இறங்கும்போது கழுவிக்கொண்டு போகும். மேல்மூடி மழையைத் தடுக்குமே தவிர இதைத் தடுக்காது.

இங்கே கிணற்றுத் தண்ணீரில் கடல் உப்பும், தோட்டத்து உரமும், மலசலகூடக் குழியின் ஊறலும் ஏற்கெனவே இருக்கின்றன. ஆகவே கண்காணிப்பு என்பது தண்ணீர் கெட்டிருக்கிறதா என்று பார்ப்பது மட்டுமல்ல. கெட்டதில் குப்பையின் பங்கு எவ்வளவு என்று பிரித்தெடுப்பது. ஒரு கிணற்றில் ஒரு நாள் எடுத்த ஒரு போத்தல் அதைச் சொல்லாது. கீழேயுள்ள ஒழுங்கு முழுவதும் அந்தப் பிரித்தெடுப்புக்காகத்தான்.

முதலில் திசை

தண்ணீர் எந்தப் பக்கம் நகர்கிறது என்று தெரியாமல் மாதிரி எடுப்பது காசைக் கிணற்றில் போடுவது. குறைந்தது மூன்று கிணறுகள் வேண்டும், ஒரே நேர்கோட்டில் இல்லாமல் முக்கோணமாக. ஒவ்வொரு கிணற்றுக் கட்டிலும் ஓரிடத்தில் வண்ணப்பூச்சால் ஒரு கோடு போடுங்கள். இனி எல்லா அளவும் அந்தக் கோட்டிலிருந்துதான்.

கோடுகளின் உயரத்தை ஒன்றோடொன்று ஒப்பிட்டு எடுக்கவேண்டும். மேசனின் மட்டக்குழாய் இதற்குப் போதாது. எங்கள் நிலத்தில் நீர்மட்டச் சரிவு நூறு மீற்றருக்குச் சில சென்ரிமீற்றர்தான். ஐந்து சென்ரிமீற்றர் பிழைத்தால் திசையே தலைகீழாகிவிடும். நில அளவையாளர் ஒருவரைக் கொண்டு மட்டக்கருவியால் ஒருமுறை எடுத்துவிட்டால், கட்டை இடித்துக் கட்டும்வரை அது போதும்.

நீர்மட்டத்தை அளக்க இரும்பு ரேப்பும் வெண்கட்டியும் போதும். ரேப்பின் கடைசி ஒரு மீற்றருக்கு வெண்கட்டி பூசி, நுனியில் சிறு குண்டு கட்டி, கோட்டில் முழு எண் ஒன்று (உதாரணமாக 7.00) வரும்வரை இறக்குங்கள். தூக்கிப் பார்த்தால் நனைந்த அடையாளம் தெரியும். 0.58 வரை நனைந்திருந்தால் ஆழம் 7.00 − 0.58 = 6.42 மீற்றர். தையற்காரரின் துணி ரேப் வேண்டாம், நனைந்தால் இழுபடும்.

கணக்கு இப்படி. முதற் கிணற்றின் கோட்டை 10.00 மீற்றர் என்று வைத்துக்கொள்வோம்.

கிணறு ஒன்று: 10.00 − 6.42 = 3.58
கிணறு இரண்டு: 9.64 − 6.15 = 3.49
கிணறு மூன்று: 10.12 − 6.69 = 3.43

ஒன்றுக்கும் மூன்றுக்கும் இடைத்தூரம் 150 மீற்றர், இறக்கம் 0.15. அந்தக் கோட்டில் 3.49 எங்கே வரும்? 0.09 ÷ 0.15 = 0.6, அதாவது ஒன்றிலிருந்து 90 மீற்றரில். வரைபடத்தில் அந்தப் புள்ளியையும் இரண்டாம் கிணற்றையும் இணைத்தால் கிடைப்பது சமமட்டக் கோடு. அதற்குச் செங்குத்தாக, தாழ்ந்த மூன்றாம் கிணற்றுப் பக்கமாகத் தண்ணீர் நகர்கிறது.

எல்லாக் கிணறுகளையும் ஒரே நாளில், விடிந்ததும், இறைப்புத் தொடங்குமுன் ஒரு மணி நேரத்துக்குள் அளந்து முடிக்கவேண்டும். பக்கத்துத் தோட்டத்தில் மிசின் ஓடினால் அந்தக் கிணறு பள்ளமாகி, திசை அந்தத் தோட்டத்தைக் காட்டும். கடலுக்கு அண்மையில் வற்றுப்பெருக்கும் மட்டத்தை அசைக்கும். மாரி முடிவில் ஒருமுறை, கடுங்கோடையில் ஒருமுறை என்று குறைந்தது இரண்டு தடவை செய்யுங்கள். திசை பருவத்தோடு மாறும் இடங்கள் உண்டு.

இவ்வளவு செய்தும் சுண்ணக்கல்லை முழுதாக நம்பக்கூடாது. அதன் வெடிப்புகளும் பொந்துகளும் தமக்கென்று வழி வைத்திருக்கும். நிலாவரைக் கிணறும் கீரிமலை ஊற்றும் இருக்கிற நிலம் இது. அதனால் கணக்குக் காட்டும் திசைக்கு வெளியேயும் பக்கவாட்டில் ஒரு கிணற்றைப் பட்டியலில் சேர்க்கவேண்டும்.

எந்தக் கிணறுகள்

மேற்பக்கத்தில், அதாவது தண்ணீர் கிடங்கை நோக்கி வரும் பக்கத்தில், குறைந்தது ஒன்று. இரண்டு இருந்தால் நல்லது. கீழ்ப்பக்கத்தில் மூன்று: கிடங்கின் விளிம்போடு ஒன்று, நடுவில் ஒன்று, குடிக்க அள்ளும் முதல் வீட்டில் ஒன்று. மேற்பக்கக் கிணறு கிடங்குக்கு மிக அருகில் இருக்கக்கூடாது. குப்பைக்குள் மழை தேங்கினால் நீர்மட்டம் அங்கே மேடாகி, கசிவுநீர் சிறிது தூரம் பின்பக்கமும் போகும்.

ஒப்பிடும் கிணறுகள் ஒரே மாதிரி வாழ்பவையாக இருக்கவேண்டும். மேற்பக்கம் வெறுங்காணியும் கீழ்ப்பக்கம் வெங்காயத் தோட்டமும் என்றால், வரும் வித்தியாசம் குப்பையினுடையதா உரத்தினுடையதா என்று கடைசிவரை வாதாடவேண்டிவரும். கிணற்றுக்கும் கிட்டிய மலசலகூடக் குழிக்கும் உள்ள தூரத்தை அடியால் அல்ல, ரேப்பால் அளந்து எழுதுங்கள்.

பொருத்தமான கிணறு இல்லாத இடத்தில் கண்காணிப்புக் குழாய்க்கிணறு அடிக்கவேண்டும். 50 மில்லிமீற்றர் பி.வி.சி. குழாய் போதும். கீழே துளைக் குழாய், சுற்றிலும் கழுவிய பரல், அதற்கு மேல் அரை மீற்றருக்குக் குறையாத பெந்தனைற்றுக் களி (நனைந்தால் வீங்கி அடைக்கும் களி), மேலே சீமெந்து, பூட்டும் மூடி. துளைக் குழாய் ஆவணி, புரட்டாதியில் நீர்மட்டம் இறங்கும் அளவுக்கும் கீழே எட்டவேண்டும். ஆனால் அடியிலுள்ள உவர்நீர்வரை இறக்கக்கூடாது. குடாநாட்டின் நன்னீர் உவர்நீருக்கு மேலே மிதக்கும் வில்லைதான்.

இரண்டு விடயம் வழக்கமாகப் பிழைக்கும். ஒன்று, குழாயைப் பசையால் ஒட்டுவது: பசையின் கரைப்பான் மாதங்களாகத் தண்ணீரில் வரும். புரியுள்ள குழாய் வாங்குங்கள், இல்லையேல் துருப்பிடிக்காத திருகாணியால் பூட்டுங்கள். மற்றது, ஊற்றிய சீமெந்து பொந்துக்குள் ஓடித் துளைக் குழாயைச் சூழ்வது. புதுக்கிணற்றில் பி.எச். (அமில, கார அளவு) 10-க்கு மேல் நின்றால் அது சீமெந்து. அந்தக் கிணற்றின் உலோக அளவுகளை நம்பவேண்டாம். குப்பைக்கு நடுவே துளையிட்டு அடிப்பாறைக்குள் இறக்குவதை எக்காரணம் கொண்டும் செய்யவேண்டாம். அது கசிவுநீருக்கு நாமே வெட்டிக் கொடுக்கும் வாய்க்கால்.

எப்போது

ஆண்டுக்கு நான்கு தடவை. ஐப்பசி, கார்த்திகையில் முதற் பெருமழை விழுந்து ஒன்றிரண்டு நாளுக்குள் ஒன்று, தை மாதம், மட்டம் உச்சத்தில் நிற்கும்போது ஒன்று, சித்திரையில் ஒன்று, ஆவணி முடிவில், மட்டம் அடியில் நிற்கும்போது ஒன்று. பலர் கோடை மாதிரியை மட்டும் எடுத்து, தண்ணீர் வற்றும்போதுதான் அழுக்குத் திரளும் என்று நினைப்பார்கள். கற்குழிக் கிடங்கில் இது பெரும்பாலும் மறுவளம்: நீர்மட்டம் குப்பையைத் தொடுவதே மாரியில்தான். கோடையில் கூடுவது அநேகமாக உப்பு.

எதை அளக்கச் சொல்வது

கிணற்றடியிலேயே: நீர்மட்டம், வெப்பநிலை, பி.எச்., மின்கடத்துதிறன் (கரைந்த உப்பின் அளவைக் காட்டுவது), முடிந்தால் கரைந்த ஒட்சிசன். ஆய்வுகூடத்தில்: குளோரைட்டு, சல்பேற்று, இருகாபனேற்று, நைத்திரேற்று, அமோனியா, சோடியம், பொற்றாசியம், கல்சியம், மகனீசியம், இரும்பு, மங்கனீசு, போரன், இரசாயன ஒட்சிசன் தேவை (தண்ணீரிலுள்ள சேதனக் கழிவின் அளவைக் காட்டுவது). ஈயம், கட்மியம் போன்ற பார உலோகங்களை ஆண்டுக்கொருமுறை பார்த்தால் போதும். சுண்ணக்கல்லின் காரத்தன்மையில் அவை பெரும்பாலும் படிந்து நின்றுவிடும். காசு குறைவென்றால் உலோகப் பட்டியலை வெட்டுங்கள், அமோனியாவையும் பொற்றாசியத்தையும் வெட்டாதீர்கள்.

ஈ.கோலை (மலத்தோடு வரும் பற்றீரியா) சோதனை குடிநீர் என்ற வகையில் தேவை. ஆனால் அது குப்பைக்குச் சாட்சி அல்ல. அது அநேகமாகப் பக்கத்து மலக்குழியைத்தான் காட்டிக்கொடுக்கும்.

மாதிரி எடுக்கும் நாள்

புறப்படுமுன் மின்கடத்துதிறன் மானியை 1413 மைக்ரோ சீமென்ஸ் கரைசலிலும், பி.எச். மானியை 4, 7, 10 கரைசல்களிலும் சரிபார்த்துக்கொள்ளுங்கள். மண்ணெண்ணெய் மிசினையோ பெற்றோல் கானையோ போத்தல்களோடு ஒரே வண்டியில் ஏற்றவேண்டாம். முதலில் மேற்பக்கக் கிணறு, கடைசியில் கிடங்கோடு ஒட்டிய கிணறு: துப்புரவானதிலிருந்து அழுக்கானதுக்கு.

50 மில்லிமீற்றர் குழாய்க்கிணற்றில் ஒரு மீற்றர் உயரத் தண்ணீர் ஏறத்தாழ 2 லீற்றர். ஆறு மீற்றர் நின்றால் 12 லீற்றர். அதன் மூன்று மடங்கு, 36 லீற்றரை, வெளியே எடுத்தபின்தான் உள்ளே நிலத்தின் தண்ணீர் வரும். ஐந்து நிமிட இடைவெளியில் மூன்று அளவு எடுங்கள். பி.எச். 0.1-க்குள்ளும் கடத்துதிறன் 3 வீதத்துக்குள்ளும் அசையாமல் நின்றால் போத்தலைப் பிடிக்கலாம்.

வெட்டுக் கிணற்றுக்கு இந்த விதி பொருந்தாது. மூன்று மீற்றர் விட்டமும் இரண்டு மீற்றர் தண்ணீரும் உள்ள கிணற்றில் 14,000 லீற்றர் கிடக்கிறது. அதை மூன்று தடவை இறைத்து ஊற்றினால் அடியிலுள்ள உவர் மேலே ஏறும். பிறகு எந்தக் குளோரைட்டு எண்ணுக்கும் அர்த்தமில்லை. நாளாந்தம் பாவிக்கும் கிணற்றைத் தெரிந்தெடுத்து, பம்பைப் பத்துப் பதினைந்து நிமிடம் ஓடவிட்டு, மேல்தாங்கிக்குப் போகுமுன் உள்ள குழாயில் பிடியுங்கள். தாங்கியிலிருந்து பிடித்த தண்ணீரில் நீங்கள் சோதிப்பது தாங்கியை. பாவிக்காத கிணறானால் கடத்துதிறன் மானியின் கம்பியை அரை மீற்றர் அரை மீற்றராக இறக்கி எழுதிக்கொண்டு, நடு ஆழத்தில் மாதிரிக் குழலால் எடுங்கள். தகர வாளி வேண்டாம், அதன் பூச்சிலுள்ள நாகம் (துத்தநாகம்) சேரும். மேலே வாளியை வீசி அள்ளுவதும் வேண்டாம். சுன்னாகக் கிணறுகளில் கலந்த எண்ணெய் மேலே படலமாகத் தெரிந்தது. கசிவுநீர் அப்படி முகம் காட்டாது.

கிணற்றுக்குள் எவரும் இறங்கக்கூடாது. குப்பை வாயு நிலத்தின் வெடிப்பு வழியே கிணற்றுக்குள் வந்து நிற்கும். காபனீரொட்சைட்டு மூச்சை நிறுத்தும், மீதேன் தீப்பற்றும். விளக்கை இறக்கிப் பார்க்கும் பழைய வழக்கத்தை இங்கே மறந்துவிடுங்கள்.

போத்தல்கள் இப்படி:

1. ஒரு லீற்றர் பிளாஸ்ரிக், அமிலம் இல்லாமல், கழுத்துவரை நிரப்பி: குளோரைட்டு, சல்பேற்று, இருகாபனேற்று, நைத்திரேற்று. நைத்திரேற்று 48 மணித்தியாலத்துக்குள் பார்க்கப்படவேண்டும்.
2. அரை லீற்றர், சல்பூரிக் அமிலம் விட்டு பி.எச். 2-க்குக் கீழே: அமோனியா, இரசாயன ஒட்சிசன் தேவை.
3. அரை லீற்றர் பிளாஸ்ரிக், 0.45 மைக்ரோன் வடியில் கிணற்றடியிலேயே வடித்து, நைத்திரிக் அமிலம் விட்டு பி.எச். 2-க்குக் கீழே: சோடியம் முதல் மங்கனீசு வரையான உலோகங்கள், போரன். போரனுக்குக் கண்ணாடிப் போத்தல் ஆகாது. கண்ணாடியிலேயே போரன் உண்டு.
4. கிருமி நீக்கிய போத்தல், மேலே சற்று இடம் விட்டு: ஈ.கோலை. கிணற்றுக்குக் குளோரின் போட்டிருந்தால் தயோசல்பேற்று இட்ட போத்தல் கேளுங்கள்.

எங்கள் தண்ணீரில் இருகாபனேற்று அதிகம். அதனால் வேறு நாட்டுக் கைநூலில் சொன்ன அளவு அமிலம் பற்றாது. விட்டவுடன் நுரைக்கும், நுரை அடங்கியபின் பி.எச். தாளால் தொட்டுப் பார்த்து, தேவையானால் இன்னும் சில துளி. அமிலத்துக்குக் கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். மூன்றாம் போத்தலின் மூடியை முதலாவதில் போட்டுவிட்டால் நைத்திரிக் அமிலமே நைத்திரேற்றாக அறிக்கையில் வந்து நிற்கும். மூடிகளுக்கு நிறம் வேறாக்குங்கள். பெயரை மூடியில் அல்ல, போத்தலில் அழியாத மையால் எழுதுங்கள். ஐஸ் உருகினால் ஒட்டிய தாள் கழன்றுவிடும்.

பத்துக்கு ஒன்று இரட்டை மாதிரி, ஒரு பயணத்துக்கு ஒரு வெற்று மாதிரி (காய்ச்சி வடித்த நீரை அதே முறையில் போத்தலில் நிரப்பியது). எல்லாம் ஐஸ் பெட்டியில், அன்றைக்கே ஆய்வுகூடத்துக்கு. குறிப்பேட்டில் நேரம், கடந்த ஏழு நாள் மழை, அயலில் ஓடிய மிசின்கள், அண்மையில் உரம் போட்ட தோட்டம், கடைசியாகக் குளோரின் போட்ட திகதி, மணம், நிறம்.

அறிக்கையை வாசிப்பது

முதலில் அறிக்கையையே சந்தேகியுங்கள். நேரேற்ற அயன்களையும் எதிரேற்ற அயன்களையும் சமவலுவாக மாற்றிக் கூட்டுங்கள். சோடியத்தை 23-ஆல், பொற்றாசியத்தை 39-ஆல், கல்சியத்தை 20-ஆல், மகனீசியத்தை 12.2-ஆல் பிரித்துக் கூட்டினால் ஒரு பக்கம், குளோரைட்டை 35.5-ஆல், சல்பேற்றை 48-ஆல், இருகாபனேற்றை 61-ஆல், நைத்திரேற்றை 62-ஆல் பிரித்துக் கூட்டினால் மறுபக்கம். இரு பக்கத்தின் வித்தியாசத்தை இரண்டின் கூட்டுத்தொகையால் பிரித்தால் 5 வீதத்துக்குள் வரவேண்டும். 10 வீதத்தைத் தாண்டினால் ஆய்வுகூடத்தை மீண்டும் பார்க்கச் சொல்லுங்கள்.

அடுத்தது அலகு. நைத்திரேற்றை 'நைதரசனாக' எழுதும் ஆய்வுகூடங்கள் உண்டு. அந்த எண்ணை 4.43-ஆல் பெருக்கினால்தான் நைத்திரேற்று. இலங்கையின் எஸ்.எல்.எஸ். 614 குடிநீர் நியமம் லீற்றருக்குச் சொல்லும் 50 மில்லிகிராம் எல்லை, நைதரசனாகப் பார்த்தால் 11.3. இதைக் கவனியாமல் 12 என்ற எண்ணைக் கண்டு நிம்மதியடைந்தால் ஆபத்து.

இனிக் கடலா குப்பையா என்ற கேள்வி. குளோரைட்டு லீற்றருக்கு 250 மில்லிகிராம் என்ற குடிநீர் எல்லையைத் தாண்டியது என்பதால் மட்டும் குப்பையைக் குற்றம் சொல்ல முடியாது. கடல்நீரில் லீற்றருக்கு ஏறத்தாழ 19,350 மில்லிகிராம் குளோரைட்டு, 10,760 சோடியம், 2,700 சல்பேற்று, 400 பொற்றாசியம், 4.5 போரன். மேற்பக்கக் கிணற்றில் குளோரைட்டு 120, கீழ்ப்பக்கத்தில் 520 என்று வைப்போம், கூடியது 400. அது கடலால் வந்ததென்றால் கூடவே சோடியம் 220, சல்பேற்று 56, பொற்றாசியம் 8, போரன் 0.1 அளவில் கூடியிருக்கவேண்டும். சல்பேற்று அசையாமல் பொற்றாசியம் 40 கூடி, போரன் 0.5-ஐத் தாண்டி நின்றால் அது கடலின் கணக்கல்ல. உவர் உள்ளே வரும்போது சோடியமும் பொற்றாசியமும் மண்ணில் பிடிபட்டுக் கல்சியம் வெளிவரும். ஆகவே கடலால் வந்த பொற்றாசியம் 8-இலும் குறையலாம், ஆனால் அதிலும் கூடுவதற்குக் காரணம் வேறாகத்தான் இருக்கும்.

அந்த வேறு காரணம் பொற்றாசிய உரமாகவும் இருக்கலாம். அதற்குத்தான் அமோனியா. தோட்டத்து யூரியா காற்றோட்டமுள்ள மண்ணைக் கடக்கும்போது பெரும்பாலும் நைத்திரேற்றாக மாறிவிடும். கிணற்றுக்கு வருவது நைத்திரேற்று. குப்பைக்குக் கீழே ஒட்சிசன் இல்லை, அமோனியா அமோனியாவாகவே நகரும். அமோனியா, பொற்றாசியம், இருகாபனேற்று மூன்றும் ஒன்றாக ஏறி, கரைந்த ஒட்சிசன் இறங்கி, இரும்பும் மங்கனீசும் தலைகாட்டினால் குப்பை என்று சொல்லத் துணியலாம்.

இந்த இடத்தில் நைத்திரேற்று ஆளை ஏமாற்றும். சுற்றுக் கிணறெல்லாம் 60, 70 என்று நிற்க, கிடங்கோரக் கிணற்றில் மட்டும் 3 என்று வந்தால் அது நல்ல தண்ணீர் என்று எண்ணவேண்டாம். ஒட்சிசன் தீர்ந்த கசிவுநீருக்குள் நுண்ணுயிர்கள் நைத்திரேற்றை நைதரசன் வாயுவாக்கித் தின்றுவிடும். இன்னும் சற்றுத் தள்ளி, கசிவுநீரின் ஓரத்தில், ஒட்சிசன் மீண்டும் கிடைக்கும் இடத்தில் அமோனியா நைத்திரேற்றாகும். அங்கே எண் திடீரென்று உயரும். ஒரே கிடங்கு ஒரு கிணற்றில் நைத்திரேற்றைக் குறைத்தும் அடுத்ததில் கூட்டியும் காட்டும்.

மலக்குழியைப் பிரிப்பதுதான் கடினம்; அதிலும் அமோனியா, பொற்றாசியம் உண்டு, சவர்க்காரத் தூளில் போரனும் இருக்கலாம். ஈ.கோலை கூடவே ஏறி, கிணற்றுக்கும் குழிக்கும் தூரம் குறைவாக இருந்தால் முதலில் குழியைப் பாருங்கள். ஈ.கோலை இல்லாமல் இரசாயன ஒட்சிசன் தேவை மட்டும் ஏறினால் குப்பைப் பக்கம் தராசு சாயும்.

சந்தேகம் வந்தால்

ஊருக்குச் சொல்லுமுன் இரண்டு கிழமைக்குள் அதே கிணற்றிலும் மேற்பக்கக் கிணற்றிலும் மீண்டும் எடுங்கள். இரண்டாவதும் ஒத்தால் பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கும், பிரதேச சபைக்கும், மத்திய சுற்றாடல் அதிகாரசபைக்கும் எழுத்தில் கொடுங்கள்: நீர்மட்ட வரைபடம், இரு அறிக்கைகள், குறிப்பேட்டுப் பிரதி மூன்றும் சேர்த்து. குடிக்கும் கிணறானால் பவுசர்த் தண்ணீர் கேட்பது அந்தக் கடிதத்தின் முதல் வரியாக இருக்கட்டும். வீட்டாருக்கு ஒன்றைத் தெளிவாகச் சொல்லவேண்டும்: கொதிக்கவைப்பது கிருமியைக் கொல்லும், நைத்திரேற்றைப் போக்காது, தண்ணீர் வற்ற வற்ற அது திரளும். கைக்குழந்தைக்குப் பால்மா கரைக்க அந்தத் தண்ணீர் கூடாது.

குளோரின் போட்டும் கிணற்றில் மீதிக் குளோரின் நிற்கவில்லை என்று பரிசோதகர் சொன்னால், அமோனியாவைச் சோதிக்கச் சொல்லுங்கள். நைதரசனாகக் கணக்கிட்ட ஒரு மில்லிகிராம் அமோனியா பத்து மில்லிகிராம் அளவு குளோரினை விழுங்கும். அடுத்த ஆய்வுகூட அறிக்கை வருமுன்பே கிடைக்கும் துப்பு அது.

இரண்டு ஆண்டுகளில் எட்டுத் தடவை அளந்து, மேற்பக்கத்துக்கும் கீழ்ப்பக்கத்துக்கும் வித்தியாசம் தெரியவில்லை என்றால் ஆண்டுக்கு இரண்டாகக் குறைக்கலாம். குறைக்கும்போது வெட்டவேண்டியது சித்திரையும் ஆவணியும். கார்த்திகை மழை மாதிரியும் தை மாதிரியும் நிற்கட்டும்.